செவ்வாயில் உயிரோடு இருப்பவன்

திண்டிவனம்
14 ஜூன் 1943

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று விழுப்புரம் மாதா கோயிலில் பூசை முடிந்த பிறகு சாமியார் கேட்ட கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இது: "ஆமாம் சாமி, என் அண்ணன் இறந்துவிட்டான்."

அதைச் சொல்வதற்காகத்தான் காலை வண்டியில் வந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்தவள், "யாரும்மா செத்துட்டது?" என்று கேட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாமியார் நியாயமாகத்தான் பேசினார். "பர்மாவுலேருந்து கூட நடந்து வந்தவன் சாவைக் கண்ணால பாக்கலை. உங்கப்பாவும் இப்ப இல்லை. இரத்த சம்பந்தம்னு நீ ஒருத்திதான் மிச்சம். மனசாட்சிப்படி அவன் செத்துட்டான்னு நம்பறேன்னு நீ சொல்லு, நான் எழுதிக்கறேன். இந்தப் பெண்ணுக்கு மறு கல்யாணத்துக்கு ஓலை படிக்கலாம்."

நீங்கள் கதவோரம் முக்காட்டை இழுத்துவிட்டு நின்றிருந்தீர்கள். உங்கள் அண்ணன் ராயப்பன் தலைத்துண்டைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் சின்னப்பன் ரயில்வே சட்டையோடு, தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாது சாமி" என்றேன்.

அது பொய் அல்ல. கண்டமங்கலத்து விருத்தாசலம் நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி நடந்து வந்தபோது, பர்மா எல்லையில் தமு தாண்டி மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. அண்ணனுக்குக் காய்ச்சல். ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "நீ போய்க்கினே இரு, நான் பின்னாலயே வர்றேன்" என்றானாம். விருத்தாசலம் பார்த்தது அவ்வளவுதான். உட்கார்ந்ததை மட்டுமே பார்த்திருக்கிறார்.

ஆனால் சாமியார் கேட்டது எனக்குத் தெரியுமா என்றல்ல, நம்புகிறேனா என்று. அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. கோயிலை விட்டு இறங்கும்போது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திரும்ப உள்ளே போயிருப்பேனோ என்னவோ.

லூர்துமேரி

*

இயேசு மரி சூசை

விழுப்புரம்
19 ஜூன் 1943

மேரிக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. பொய்யாகப் போடுவதை விட விட்டுவிடுவது மேல்.

போன வருஷம் ஆத்துமாக்கள் திருநாள் உனக்கு நினைவிருக்கிறதா? மாமா சொல்லாமல் கொள்ளாமல் தன் மகன் பெயரை மரித்தவர்கள் பட்டியலில் கொடுத்துவிட்டார். சாமியார் "தேவசகாயம்" என்று வாசித்ததும் நான் எழுந்து, "அவர் சாகலை, அந்தப் பேரை எடுங்க" என்று கத்தினேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்போது என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனது யார்? புளியமரத்தடியில் உட்கார வைத்து, "அண்ணி, அழுங்க, எவ்வளவு வேணா அழுங்க. ஆனா வருவார்னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் சொல்லிக்கினே இருந்தா நீங்களும் அண்ணன் உக்காந்த அந்த மரத்தடியிலயே உக்காந்துடுவீங்க" என்று சொன்னது யார்?

உன் மேல் கோபித்துக்கொண்டுதான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். வந்த இடத்தில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பழகினேன். மாமா செத்தபோது வந்தேனே, அப்போது சமையல்கட்டில் உன்னிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். நான் பாடத்தைப் படித்து முடித்தேன். இப்போது டீச்சர் பாடத்தை மாற்றிவிட்டாள்.

இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது. அரிசி எப்போது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியவில்லை. கேப்பைக் கூழை வீரம்மா அண்ணி என் சட்டியில் ஊற்றும்போது கரண்டி தயங்கித் தயங்கி வரும். உன் செவ்வாய்க் கதை வருகிற பத்திரிகையை நான் பக்கத்து வீட்டு ரயில் ஃபயர்மேன் பெண்சாதியிடம் வாங்கிப் படிப்பதையும், அதில் வருகிறவன் அவரைப் போலவே இருக்கிறான் என்று நான் சொன்னதையும் வைத்துக்கொண்டு வீரம்மா அண்ணி சொன்னாள்: "புருஷன் செவ்வாய்ல குந்திக்கினு இருக்கான், பொண்டாட்டிக்கு மட்டும் பூமியில கூழு வேணுமாம்." நானும் சிரித்துவிட்டேன். என்ன செய்வது, நன்றாகத்தான் சொன்னாள்.

சின்னப்பனைப் பற்றியும் கேள். ரயில் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை. மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். அண்ணன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவர் என்னிடம் நேராக வந்து சொன்னார்: "எனக்குக் கொடி புடிக்கத் தெரியும், கதை புஸ்தகமெல்லாம் தெரியாதுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். நாளைக்கு அவரு வந்துட்டாருன்னா நான் எழுந்து போயிடறேன். ரயில்ல சீட்டுக்காரன் வந்தா எழுந்துக்கறது இல்லையா, அந்த மாதிரி."

இப்படிப் பேசுகிற ஆளை நீ பார்த்திருக்கிறாயா? அந்தக் குழந்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகியது.

நீ சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. அதற்கும் உனக்கு வாய் வரவில்லை.

சவரியம்மாள்

*

திண்டிவனம்
4 ஜூலை 1943

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுதியது முழுவதும் உண்மை. புளியமரத்தடியில் அப்படிச் சொன்னவள் நான்தான். சொன்னபோது நம்பித்தான் சொன்னேன். அப்போது அந்தக் கதை ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அது என்னை என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்கே தெரியாது.

பத்திரிகையில் வருகிற ஆண்பெயருக்குப் பின்னால் இருப்பது நான் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் அது எப்படி வந்தது என்று உங்களிடம்கூடச் சொன்னதில்லை.

1941 அக்டோபர். அண்ணன் ரங்கூனிலிருந்து லீவில் வந்திருந்தான். செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்த வருஷம் அது. பொழுது சாய்ந்ததும் கிழக்கே, ஏரிக்கரைக்கு மேலே, அடுப்பில் ஊதிவிட்ட கரித்துண்டு போல எழும். மிஷன் பங்களா டாக்டரம்மா எனக்கு இரவல் கொடுத்த வானநூலில், அங்கே கோடு கோடாகத் தெரிவது கால்வாய்களாக இருக்கலாம் என்று சிலர் சொல்வதாகப் போட்டிருந்தது. அதை அண்ணனிடம் தமிழில் சொன்னேன். அவன் பீடியை எடுத்துவிட்டுக் கேட்டான்: "கால்வான்னா யாராவது வெட்டணுமே. அங்க கூலிக்கு ஆள் எடுத்துக்கினு போன மேஸ்திரி யாரு?"

நீங்கள் அப்போது மல்லாட்டைக் கடலை வறுத்துக்கொண்டிருந்தீர்கள். "நீ போயிடாதே சாமி, ரங்கூனே போதும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம்.

நான் படித்த புத்தகங்களில் எல்லாம் ராஜாக்களும் பேராசிரியர்களும்தான் விண்வெளிக்குப் போனார்கள். அங்கே மண் வெட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவன் என் அண்ணன். அதனால் என் கதையில் திண்டிவனம் பக்கத்துச் சேரிகளிலிருந்து மேஸ்திரி ஆள் பிடித்துக்கொண்டு செவ்வாய்க்குப் போனான். செவ்வாய் மண்ணுக்கு இரும்பை கிராமத்துச் செம்மண் ஓடைகளை வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் அண்ணனும் நானும் முந்திரிப்பழம் பொறுக்கப் போன இடம். மழைநீர் அறுத்த அந்தப் பள்ளங்களில் இறங்கி நின்றால் மேலே வானம் மட்டும்தான் தெரியும். அங்கே தானியேல் என்றொருவனைக் கால்வாய் வெட்ட விட்டேன். அவன் பீடியை விரலிடுக்கில் பிடிப்பதும், பசித்தால் சீட்டியடிப்பதும் யாருடையவை என்று முதல் மாதமே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அண்ணி, மாதா மாதம் அவனை எழுப்பி வேலைக்கு அனுப்புகிறேன். அவனுக்குத் தாகமெடுக்கிறது. மேஸ்திரியை ஏசுகிறான். மாலையில் பூமி ஒரு சிறு நீல நட்சத்திரமாகத் தெரியும்போது அதைப் பார்த்துத் துப்புகிறான். எந்த வாக்கியமும் யோசித்து எழுதியதல்ல, கேட்டு எழுதியது. வாசகர்கள் "ஐயா, தங்கள் கற்பனை வளம்" என்று எழுதுகிறார்கள். கற்பனையே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்கேற்றி உட்கார்ந்தால் அவன் பேசுகிறான்.

கோயிலில் சாமியார் கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அவன் பேச்சு நின்றுவிடும். இது எவ்வளவு சுயநலம் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் என் வாய் திறக்கவில்லை.

லூர்துமேரி

*

இயேசு மரி சூசை

விழுப்புரம்
22 ஆகஸ்டு 1943

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். அவர் பேச்சு உனக்குக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்குக் கேட்பதில்லை. பெண்சாதி நான். எனக்கு அவர் சீட்டி மறந்துவிட்டது. என்ன பாட்டு என்று தெரிகிறது, சத்தம் வரமாட்டேன் என்கிறது. முதலில் உன் மேல் பொறாமையாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது.

இந்த மாதம் வந்ததைப் படித்தேன். வெட்டி முடித்த கால்வாய் நெடுக மண்தூண்கள் நிற்கிறதாக எழுதியிருக்கிறாய். ஏரி வேலையில் எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று ஓவர்சீயர் அளப்பதற்காகக் குழிக்கு நடுவில் வெட்டாமல் விடுவோமே, அந்தத் தூண். ஆள்கள் போன பிறகும் அவை மட்டும் காற்றில் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அளந்து முடிந்த மறுநாளே அந்தத் தூணையும் வெட்டி வாரிக் கரையில் கொட்டிவிடுவோம். உனக்கும் தெரியும். மாமாவோடு நீயும் கூடை சுமந்தவள்தான். தெரிந்தே விட்டுவைத்திருக்கிறாய்.

மேரி, நான் கேட்பது இதுதான். உனக்குச் சாமியார் முன்னால் வாய் வரவில்லை. சரி. கைக்கு வருமா பார். தானியேலைச் சாகவிடு. அவன் அந்த மலையில் உட்காரட்டும். கூட வந்தவன் போகட்டும். பிறகு என்ன நடந்தது என்று நீயே எழுது. யாராவது எழுத வேண்டும். விருத்தாசலத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. உனக்குத்தான் அவர் பேசுகிறாரே, கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டு எழுது. தனியாக இருந்தாரா, வலித்ததா என்று எழுது. எப்படி எழுதினாலும் படித்துக்கொள்கிறேன். எழுதிவிட்டால் உனக்கும் சொல்ல வந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் ஆரம்பித்துவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மூன்று வாரம் ஓலை படித்தால்தான் அந்த மாதம் முடிவதற்குள் நடக்கும். "தை வரைக்கும் நிறுத்திக்கலாமே" என்று சின்னப்பனிடம் சொன்னேன். "எனக்கு அவசரம் இல்லைங்க. எங்கம்மாவுக்குத்தான் கண்ணு தெரியலை, குழந்தையைப் பாத்துக்க முடியலை" என்றார். அவருடைய அம்மா வேறு இடத்திலும் பெண் பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். அதை அவர் சொல்லவில்லை. வீரம்மா அண்ணி சொன்னாள்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதை உன்னிடம்தான் எழுத முடிகிறது.

சவரியம்மாள்

*

திண்டிவனம்
3 அக்டோபர் 1943

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடைசி வரியைப் பல முறை படித்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எழுதியதற்காக வருத்தப்படாதீர்கள்.

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. காகிதம் கிடைக்கவில்லை. நவம்பர் இதழோடு பத்திரிகையை நிறுத்துகிறார். "நான்கு பக்கம் தருகிறேன், கதையை எப்படியாவது முடித்துவிடுங்கள், ஐயா" என்கிறார். ஆக, நீங்களும் அவரும் ஒரே காரியத்தைத்தான் கேட்கிறீர்கள்.

இதுவரை நாலு தடவை எழுதினேன். முதல் தடவை அவன் மரத்தில் சாய்ந்தான். (செவ்வாயில் மரம் ஏது, பாறை என்று மாற்றினேன்.) கூட வந்தவன் போனான். மழை பெய்தது. செவ்வாயில் மழை கிடையாது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் பெய்தது. அப்புறம் அவன் எழுந்துவிட்டான். நான் எழுப்பவில்லை, அண்ணி. முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தான். கிழித்துப் போட்டேன். அடுத்த தடவை காய்ச்சலை அதிகமாக்கினேன். வாய் குழறியது. அப்போதும் கடைசி வரி வருவதற்கு முன்னால் பேனா நின்றுவிட்டது.

உங்கள் கேள்விகளை அவனிடம் கேட்டேன். பதிலே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பேசுகிறவன் அதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை. அப்போதுதான் புரிந்தது. பேசுவது அவன் அல்ல, நான்தான். எனக்குத் தெரியாததை அவனால் சொல்ல முடியாது. இது புரிந்த அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். அப்பா செத்தபோதுகூட இவ்வளவு காலியாக இருந்ததில்லை.

ஆனாலும் முடித்துவிடுகிறேன். இந்த வாரம் முடித்து அனுப்புகிறேன். இதழ் நவம்பர் முதல் தேதி வந்துவிடும். அச்சில் பார்த்துவிட்டால் எனக்குத் துணிச்சல் வரும். அந்த வாரமே விழுப்புரம் வருகிறேன். முதல் ஞாயிறுக்கு முன்னால் சாமியாரிடம் சொல்லிவிடுகிறேன். சின்னப்பனிடம் அப்படியே சொல்லுங்கள்.

லூர்துமேரி

*

விழுப்புரம்
29 நவம்பர் 1943

மேரிக்கு,

முதல் தேதி இதழ் வந்தது. ஃபயர்மேன் பெண்சாதி அவசர அவசரமாக ஓடிவந்து கொடுத்தாள். "உங்க தானியேல் பொழைச்சிக்கினாரு அக்கா!" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

படித்தேன். எல்லோரும் போன பிறகு அவன் எழுந்து, தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு கால்வாய்க்குள் நடந்து போகிறான். எங்கே போகிறான் என்று இல்லை. நன்றாக எழுதியிருக்கிறாய். நீ எழுதியதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது.

அந்த வாரம் நீ வருவாய் என்று வியாழன் வரை பார்த்தேன், வெள்ளி பார்த்தேன், சனியும் பார்த்தேன். சனி சாயங்காலம் சின்னப்பன் வந்தார். நான்தான் சொன்னேன்: "காத்துக்கினு இருக்காதீங்க. அவ வரமாட்டா." அவர், "தப்பா எடுத்துக்காதீங்க, நாத்தனார் மேலயும் கோவப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்டமங்கலத்துப் பெண் ஒருத்தியோடு சேர்த்து மறுநாளே ஓலை படித்தார்கள். போன புதன்கிழமை கல்யாணம் முடிந்தது. நான் போனேன். குழந்தை என்னிடம் ஓடிவந்தது. தூக்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அழுதது. சின்னக் குழந்தைதானே, பழகிவிடும்.

நீ அவரை உயிரோடு வைத்துவிட்டாய். என்னை எங்கே வைத்தாய்?

ஏசுவதற்காக எழுதவில்லை. ஒரு சேதி சொல்லத்தான். அஸ்ஸாம் பக்கம் மிலிட்டரி ரோடு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கல் உடைக்கவும் சமைக்கவும் பெண்களும் வேண்டுமாம். பெயர் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை வண்டி. அவரைத் தேடிப் போகிறேன் என்று நினைத்து அதையும் ஒரு கதையாக்கிவிடாதே. அண்ணன் வீட்டில் கூழ் போதவில்லை, அவ்வளவுதான். மேஸ்திரி கேட்டான், "எவ்ளோ தூரம்னு தெரியுமாம்மா, குளிரு, காடு, பேஜாரான எடம்." "எங்க ஊட்டுக்காரரு அந்த வழியா நடந்தாரு" என்றேன். அவன் பெயரை எழுதிக்கொண்டான்.

வழியனுப்ப வராதே.

சவரியம்மாள்

*

திண்டிவனம்
6 டிசம்பர் 1943

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. சனிக்கிழமை விழுப்புரம் வந்தேன். நீங்கள் வியாழக்கிழமையே போய்விட்டீர்கள். உங்கள் அண்ணன் வீட்டில் வீரம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் எதிர்பார்த்தது போல ஏசவில்லை. "போறப்ப ஒரு சொட்டு கண்ணீர் விடலைம்மா அது. எனக்குத்தான் தாங்கலை" என்று சொல்லி அவள்தான் அழுதாள்.

நவம்பர் முதல் வாரம் நான் வராததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை, பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காமலும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் வரை நடந்தேன். வண்டி வந்து நின்றது, போனது. நான் ஏறவில்லை.

இந்தச் சனிக்கிழமை, உங்கள் அண்ணன் வீட்டிலிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். சாமியார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கை கழுவிவிட்டு வந்தார். "என் அண்ணன் தேவசகாயம் இறந்துவிட்டான் என்று நம்புகிறேன் சாமி" என்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவர் என்னைப் பார்த்து, "இப்ப எதுக்கும்மா?" என்று கேட்டார். அப்புறம் அவரே புத்தகத்தை எடுத்து எழுதினார். எந்தத் தேதி என்றார். தெரியாது என்றேன். எந்த ஊர் என்றார். அதுவும் தெரியாது என்றேன். தேதி இல்லாமல் எழுத முடியாது என்று, நான் வந்து சொன்ன அன்றைய தேதியையே போட்டுக்கொண்டார். 4 டிசம்பர் 1943. நான் கையெழுத்துப் போட்டேன்.

இனி நீங்கள் யாரை வேண்டுமானாலும் மணந்துகொள்ளலாம். இதை உங்களுக்குத் தெரிவிக்கத்தான் எழுதுகிறேன்.

நேற்றும் இன்றும் விளக்கேற்றி உட்கார்ந்து பார்த்தேன். யாரும் பேசவில்லை.

நீங்கள் போன இடத்து விலாசத்தை ராயப்பனிடம் கேட்டேன். மேஸ்திரி கொடுக்கவில்லையாம். ஆள் எடுத்த ஆபீசில் விசாரித்தார். அங்கேயும் தெரியாது என்றார்கள்.

லூர்துமேரி